நந்து வளர்த்த நாள்கள்

நான் ஒன்பதாம் வகுப்புப் படித்த ஆண்டின் ஐப்பசி மழையில் எங்கள் கொல்லைப்புறம் முழுவதும் நத்தைகள். பப்பாளிக் கன்றின் தண்டிலும் அவரைக்கொடியின் தளிரிலும் கிணற்றுச் சுவரிலும் அவை ஒட்டிக்கொண்டிருந்தன. விடியற்காலையில் அப்பத்தா கையில் நெகிழிப் பையைச் சுற்றிக்கொண்டு அவற்றை ஒவ்வொன்றாகப் பறித்து உப்புநீர் வாளியில் போடுவார். நத்தைகள் தின்ற கன்றுகளுக்கு மாற்றாக அவர் மூன்று முறை மறுநடவு செய்துவிட்டார். எனவே அவரைக் குறைகூற என்னால் இயலவில்லை. ஆயினும், வாளியின் விளிம்பேறித் தப்ப முயன்ற, சுண்டைக்காய் அளவேயான இரு குஞ்சுகளைக் கண்டபோது மனம் கேட்கவில்லை.

“இந்த ரெண்டையும் நான் வளக்கட்டுமா, அப்பத்தா?”

“வளத்துக்க தாயி. ஆனா ஒண்ணுகூட வெளிய போகக் கூடாது.”

பழைய மீன்தொட்டி ஒன்று அவற்றின் இல்லமாயிற்று. தென்னை நார்க்கழிவை நனைத்து நான்கு விரற்கடை உயரத்திற்குப் பரப்பினேன். துளையிட்ட மூடியின்மேல் செங்கல் ஒன்றை வைத்தேன். நத்தை மெதுவாக நகர்வதுதான். ஆனால், இரவு முழுவதும் முயன்று மூடியைத் தள்ளிவிடும் வலிமை அதற்குண்டு. வெள்ளரியும் கேரட்டும் உணவு. ஓடு வளரச் சுண்ணாம்புச் சத்து தேவை என்பதால் முட்டையோட்டைப் பொடித்துத் தூவினேன். நாட்டு மருந்துக் கடையில் கடல்நுரை என விற்கும் கணவாய் ஓட்டையும் வாங்கி வைத்தேன். நத்தையின் உடலில் எலிகளிடமிருந்து வரும் ஒருவகைப் புழு இருக்கக்கூடும்; அது மனிதரின் மூளையைத் தாக்கவல்லது. ஆகவே வெறுங்கையால் தொடுவதில்லை. தொட்டியைத் துடைத்தபின் சோப்பிட்டுக் கைகழுவ மறந்ததுமில்லை.

பகலில் உறங்கி இரவில் உலவும் உயிரைக் காண நானும் விழித்திருந்தேன். நான்கு உணர்கொம்புகளுள் நீண்ட இரண்டின் நுனியில் கண்கள் இருந்தன. விளக்கொளி பட்டதும் அவை உள்ளிழுத்துக்கொள்ளும். நாவில் வரிசை வரிசையாக அமைந்த நுண்பற்களால் அது வெள்ளரியைச் சுரண்டித் தின்னும் ஓசை, மழை ஓய்ந்த இரவுகளில் மெல்லக் கேட்கும். அந்த ஓசையைக் கேட்க நத்தைக்குச் செவியில்லை.

நத்தையின் பழம்பெயர் நந்து. தொடுதலும் சுவைத்தலும் உடைய ஈரறிவுயிராகத் தொல்காப்பியம் அதனை வகுத்துள்ளது. தொட்டியின் எந்த மூலையில் வெள்ளரியை வைத்தாலும் மணமறிந்து அது திரும்புவதைக் கண்ட நான், இதைத் தமிழாசிரியரிடம் கூறினேன். “அவர்கள் பார்த்ததை அவர்கள் எழுதிவைத்தார்கள். நீ பார்த்ததை நீ எழுதிவை” என்றார் அவர். அன்று தொடங்கிய குறிப்பேடு இன்றும் என்னிடம் உள்ளது.

பங்குனியில் தேர்வுப் பரபரப்பில் நீர் தெளிக்க மறந்துபோனேன். இரு நத்தைகளும் ஓட்டின் வாயை வெண்ணிறத் திரையால் அடைத்துக்கொண்டு அசைவற்றுக் கிடந்தன. இறந்தனவென்றே எண்ணி அழுதேன். ஈரம் பட்ட மறுநாள் இரவு திரை விலகியது. வறட்சியில் நத்தை அவ்வாறு உறங்கும் என்பதைப் பின்னரே அறிந்தேன்.

மறு மழைக்காலத்தில் ஒருநாள் மண்ணைக் கிளறியபோது, இளமஞ்சள் நிற முட்டைகள் குவியலாகக் கிடந்தன. நூறு வரை எண்ணி நிறுத்திவிட்டேன். பெரியதை ஆண் என்றும் சிறியதைப் பெண் என்றும் நான் கருதியிருந்ததும் பிழை. ஒவ்வொரு நத்தையும் ஆணும் பெண்ணுமான இருபாலுயிரி. முட்டைகளைக் கொல்லையில் விட்டுவிடலாமா என்று கேட்டேன்.

“விட்டா எங்க போகும், தாயி? எதைத் திங்கும்?” என்றார் அப்பத்தா.

விடை வேலிக்கு அப்பால் தெரிந்தது. பக்கத்து வீட்டாரின் கத்தரி நாற்றங்கால் அங்கேதான் இருந்தது. இந்நத்தையின் தாயகம் கிழக்கு ஆப்பிரிக்கா. வில்லியம் பென்சன் என்பவர் மொரீசியசிலிருந்து கொண்டுவந்த நத்தைகளை 1847இல் கொல்கத்தாவின் சௌரங்கிப் பகுதித் தோட்டத்தில் விட்டார். அவர் நத்தைகளின்மேல் பேரார்வம் கொண்ட ஆய்வாளர். இந்த நாட்டில் அதன் பரவல் அங்கிருந்து தொடங்கியது. இன்று உலகின் மிகக் கொடிய 100 அயல் ஆக்கிரமிப்பு உயிரினங்களின் பட்டியலில் அதுவும் ஒன்று. நான் விடுதலை என்று எண்ணியது பிறர் வயலுக்கு அழிவாகும்.

முட்டைகளைப் பையிலிட்டுக் கட்டி, குளிர்பதனப் பெட்டியின் உறைபகுதியில் வைத்தேன். சில நாள்கள் கழித்து அவற்றைப் புதைத்தபோது கை நடுங்கியது. உயிரைக் காக்கத் தொடங்கிய நானே அதன் வழித்தோன்றல்களை அழித்தேன். இரு உயிர்களை வளர்க்க ஒப்புக்கொண்டபோது இதற்கும் சேர்த்தே ஒப்புக்கொண்டிருக்கிறேன் என்பது அன்றுதான் விளங்கியது. அதன்பின் மண்ணைக் கிளறி முட்டை தேடாத வாரமில்லை.

அவ்விரு நத்தைகளும் ஐந்தாண்டுகள் வாழ்ந்தன. அத்தனை மழைக்காலங்களிலும் அப்பத்தா விடியலில் உப்புநீர் வாளியுடன் கொல்லைக்குச் சென்றார். திரும்பி வந்து கைகழுவியதும், முதல்நாள் சமையலில் எஞ்சிய முட்டையோடுகளை அம்மியில் பொடித்து, என் தொட்டியருகே ஒரு கிண்ணத்தில் வைத்துவிட்டுப் போவார்.