மாறுவேட நாளுக்கு முன்

ஜூன் 16, 2025, திங்கள்

முட்டை நாள். தக்காளி சாதத்தை இறக்கி முட்டை உரிக்க உட்காரும் நேரத்துக்குச் சரியாக அந்த அப்பத்தா வாசலில் வந்து நின்றார். "ஏனுங் டீச்சரு, பேத்தியக் கூட்டிட்டுப் போறனுங்." ஒரு நாள் வயிற்றுவலி என்பார், ஒரு நாள் வீட்டுக்கு விருந்தாளி என்பார். போன வருசம் வேறு ஆயா இருந்தபோது இதே பாப்பா இங்கே சாப்பிட்டு, பாயில் உருண்டு தூங்கி, சாயங்காலம்தான் வீட்டுக்குப் போகும். இப்போது சமைக்கும் ஆயா காலனியிலிருந்து வருகிறவர். வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

சின்னதுகளுக்கு இதெல்லாம் புரியாது என்று நாம் சொல்லிக்கொள்கிறோம். காலையில் ஆயா சத்துமாவு உருண்டை நீட்டியபோது அந்தப் பாப்பா கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, "உங்க கையில வாங்குனா அப்பத்தா திட்டும்" என்றது. நாலு வயசு. குரலில் வெறுப்பு ஏதுமில்லை. செருப்பை வெளியே விடணும் என்று சொல்வதுபோல ஒரு விதியைச் சொன்னது, அவ்வளவுதான்.

ஜூன் 18, புதன்

சூப்பர்வைசர் மேடம் போன். ஜூலையில் பெற்றோரை அழைக்கும் நாளில் 'வேற்றுமையில் ஒற்றுமை' மாறுவேடம் நடத்த வேண்டுமாம். ஒரு பிள்ளைக்குத் தலைப்பாகை கட்டிப் பஞ்சாப், ஒன்றுக்கு முண்டு கட்டிக் கேரளா. "உங்க சென்டர்ல ஒடிசா புள்ளைகளே இருக்குது, போட்டோ நல்லா வரும்" என்றார்.

இருக்கிறார்கள். பனியன் கம்பெனி லைன் வீட்டுப் பிள்ளைகள். திருப்பூர்ப் பக்கம் இப்போது எந்தப் பால்வாடியிலும் இப்படிச் சில பேர் உண்டு. வீட்டில் பேசுவது ஒடியா, ஊர் சொல்வது 'இந்திக்காரப் புள்ளைங்க'. போன வாரம் ஒரு பையன் தண்ணீர் டிரம் பக்கத்தில் நின்றுகொண்டே இருந்தான். கேட்கத் தெரியவில்லை. சாயங்காலம் அவன் அம்மாவிடம் தண்ணீர், சோறு, வலிக்குது, ஒண்ணுக்கு எல்லாவற்றுக்கும் ஒடியாவில் கேட்டு, தமிழில் எழுதிச் சுவரில் ஒட்டினேன். அதற்குப் போட்டோ எடுக்க யாரும் சொல்லவில்லை.

ஜூன் 22, ஞாயிறு

மகள் வந்திருந்தாள். பி.எட். படிக்கிறாள். மாறுவேடக் கதையைச் சொன்னதும் அவளுக்கு ஒரே சிரிப்பு. அமெரிக்காவில் லூயிஸ் டெர்மன்-ஸ்பார்க்ஸ் என்ற அம்மா, பிள்ளைகள் மனசில் பாகுபாடு வேர்விடாமல் சொல்லித்தருவது பற்றி 1989-இல் சக ஆசிரியர்களோடு சேர்ந்து ஒரு புத்தகம் போட்டாராம். ஒரு நாள் வேறு ஊர் உடை, பலகாரம், பாட்டு, மறுநாள் பழையபடி: இதை அவர் சுற்றுலாப் பாடம் என்று சொல்லி வேண்டாம் என்கிறாராம். நம் நாட்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் அதே 1989-தான். சட்டத்தை எடுத்துக்கொண்டு அந்த அப்பத்தா முன்னால் போய் நிற்கலாம். நின்றால் மறுநாள் பாப்பாவே வராது. அதுதான் இடிக்கிறது.

அமெரிக்க உளவியலாளர்களான கென்னத் கிளார்க், மேமி கிளார்க் தம்பதியின் பொம்மைச் சோதனையையும் சொன்னாள். மூன்று முதல் ஏழு வயது வரையுள்ள கறுப்பினப் பிள்ளைகள் முன் நிறம் மட்டும் வேறான பொம்மைகளை வைத்து, எது நல்ல பொம்மை, எது கெட்டது என்று கேட்டார்கள். பெரும்பாலான பிள்ளைகள் நல்லது என்று வெள்ளையைக் காட்டின. 1954-இல் பள்ளியில் இனவாரியாகப் பிரித்து வைப்பது செல்லாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பில் இந்த ஆய்வும் குறிப்பிடப்பட்டது. சோதனையின் கடைசிக் கேள்வி, 'உன்னைப்போல இருப்பது எது?' அப்போது சில பிள்ளைகள் அழுதுகொண்டு எழுந்து ஓடினவாம். இங்கே செய்து பார்க்கலாமா என்று மகள் கேட்டாள். வேண்டாம் என்றேன். பிள்ளையை அழவைத்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டுமா? என் பொம்மைப் பெட்டியைத் திறந்தாலே போதும். எல்லாம் ரோஸ் கலர், மஞ்சள் முடி.

ஜூன் 24, செவ்வாய்

ஆயாவும் நானும் காபிக்கலர் பாவாடைத் துணியில் ஒரு பொம்மை தைத்தோம். கம்பளி நூலில் இரட்டைச் சடை. "டீச்சர், இது கருவாச்சி!" என்று ஒரு வாண்டு கத்தியது. நிறத்தில் என்ன இருக்கிறது என்று மழுப்பியிருக்கலாம், அதைப் பிள்ளைகள் நம்பாது. "ஆமா கண்ணு, கருப்புத்தான். நானும் கருப்பு, உங்கப்பாவும் கருப்பு. அழகா இல்ல?" என்றேன். அது யோசித்தது. பிறகு அப்பாவுக்கு மீசை உண்டு, இதற்கு இல்லை என்றது. விவாதம் மீசைக்குப் போய்விட்டது. மத்தியானம் பொம்மைக்குச் சொப்பில் சோறு ஊட்டியவன் ஒரு பையன்.

ஜூன் 26, வியாழன்

எடை போட்டேன். அந்தப் பாப்பா நாலு வயசுக்கு 12 கிலோ. வளர்ச்சி அட்டையில் மஞ்சள் பட்டை. அப்பத்தாவிடம் காட்டினேன். "வூட்லயே முட்டை இருக்குதுங்." வாரம் மூன்று முட்டை இங்கேயும் இருக்கிறது என்றேன். பதிலில்லை. "சமைக்கறவங்க கையத்தான் யோசிக்கறீங்களா?" என்று ஆயா காதில் விழும்படியே கேட்டேன். முகம் சிவந்து பேத்தியை இழுத்துக்கொண்டு போனார். அடுப்படியிலிருந்து ஆயா, "எதுக்கு டீச்சர் வம்பு" என்றார். ஆனால் இத்தனை நாளாக வயிற்றுவலி என்ற பேரில் போய்க்கொண்டிருந்தது, இன்றைக்கு அதன் சொந்தப் பேரில் போயிற்று. எனக்கு அது தேவலை.

ஜூலை 2, புதன்

பாப்பாவைக் கம்பெனிக்கு லீவு போட்ட அதன் அம்மா கொண்டுவந்து விட்டார். "இங்கயே சாப்புடட்டுங் டீச்சர். எங்க அத்தைகிட்ட மட்டும் சொல்லீராதீங்க." நானாகச் சொல்ல மாட்டேன், கேட்டால் பொய்யும் சொல்ல மாட்டேன் என்றேன். ஆயா பரிமாற, காய்கறி சாதமும் முட்டையும் சாப்பிட்டது. மஞ்சள் கருவை மட்டும் பக்கத்துத் தட்டுக்குத் தள்ளிவிட்டது. அது ஜாதியில்லை, நாலு வயசு.

மேடத்திடம் மாறுவேடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். டிரம் பையனின் அம்மா வாரம் ஒரு காலை வந்து ஒடியாப் பாட்டுச் சொல்லித்தர ஒப்புக்கொண்டிருக்கிறார், அதைப் போட்டோ எடுத்து அனுப்புகிறேன் என்றேன்.

"அவங்க ஊர் டிரஸ்ல வருவாங்களா?"

"நைட்டியில வருவாங்க மேடம், மேல ஒரு துண்டு."

பார்க்கலாம் என்று வைத்துவிட்டார்.