பாதம் திரும்பினால் குறி திரும்பும்

துப்பாக்கி என்னும் சொல் மறைமாவட்ட இதழொன்றின் பக்கத்தில் தென்படுவது அன்பர் சிலருக்கு உறுத்தலாக இருக்கலாம். வாளை உறையிலிடுமாறு பேதுருவைப் பணித்த ஆண்டவரின் சீடர்களுக்கு இக்கருவியோடு என்ன உறவு என்று அவர்கள் கேட்கலாம். கேள்வி நியாயமானதே. ஆனால், நாம் பேசவிருப்பது உயிரைக் குறிவைக்கும் கருவியைப் பற்றியன்று. பத்து மீட்டர் தொலைவில் நிற்கும் ஒரு தாளைக் குறிவைக்கும் காற்றுத் துப்பாக்கியைப் பற்றியே. 1984 முதல் ஒலிம்பிக் போட்டிகளில் இடம்பெற்றுவரும் விளையாட்டு அது.

இப்பொருளை எடுத்துக்கொள்வதற்குக் காரணம் உண்டு. புதிய ஏற்பாடு பாவத்தைக் குறிக்கப் பெரிதும் ஆளும் கிரேக்கச் சொல் 'ஹமர்த்தியா'. குறி தவறுதல் என்பதே அதன் மூலப்பொருள். எபிரேய மொழியின் 'ஹாத்தா' என்னும் வினைச்சொல்லும் அத்தகையதே. நீதித்தலைவர்கள் நூலில் (20:16) பென்யமின் குலத்து இடக்கை வீரர் 700 பேரைப் பற்றிய குறிப்பு வருகிறது. ஒரு தலைமயிரைக் குறிவைத்துக் கவண்கல் எறிந்தாலும் தவறாதவர்களாம் அவர்கள். அங்கே 'தவறுதல்' என்னும் பொருளில் நிற்கும் வினைச்சொல்லையே பிற இடங்களில் 'பாவம் செய்தல்' என்று நாம் வாசிக்கிறோம். பாவம் என்பது தவறிய குறியெனில், குறி தவறாதிருக்கக் கற்பிக்கும் கலையிடம் ஆன்மிக வாழ்வு பாடம் கேட்பதில் இழுக்கில்லை.

பங்கு இளைஞர் சிலரோடு பயிற்சிக் களத்தில் தொடக்கப் பாடங்களைக் கற்கும் வாய்ப்பு நமக்குக் கிட்டியது. இலக்குத் தாளில் உள்ள வளையங்களுள் பெரியதன் விட்டம் 45.5 மில்லிமீட்டர். நடுவிலுள்ள, பத்து மதிப்பெண்ணுக்குரிய புள்ளியோ வெறும் 0.5 மில்லிமீட்டர், ஏறத்தாழ அச்செழுத்தின் முற்றுப்புள்ளி அளவே. அதை நாடிச் செல்லும் ஈயக் குண்டின் விட்டம் 4.5 மில்லிமீட்டர். ஒலிம்பிக் தகுதிச் சுற்றில் இத்தகைய இலக்கை 75 நிமிடங்களுக்குள் 60 முறை சுட வேண்டும்.

முதற்பாடம் பாதுகாப்பு. குண்டு இல்லையென்று தெரிந்தாலும், இருப்பதாகவே எண்ணித் துப்பாக்கியைக் கையாள வேண்டும். குழலின் வாய் இலக்கையன்றி வேறெங்கும் திரும்பலாகாது. சுடும் கணம் வரும்வரை விரல் விசையைத் தீண்டலாகாது. இவற்றை மனத்தில் பதித்த பின்னரே பயிற்சியாளர் துப்பாக்கியைக் கையில் தருகிறார்.

இரண்டாம் பாடம் நிற்கும் நிலை. இலக்குக்கு விலாப்புறம் காட்டி, கால்களைத் தோளகலத்திற்கு விரித்து, துப்பாக்கியைத் தாங்கும் இடக்கையின் முழங்கையை இடுப்போடும் விலாவோடும் ஒட்டி நிற்க வேண்டும். துப்பாக்கியின் பாரத்தை எலும்புகள் தாங்க வேண்டுமேயன்றித் தசைகள் அன்று. அவ்வாறு நின்றபின், கண்களை மூடி, இரண்டொரு முறை அமைதியாக மூச்சுவிட்டு, மீண்டும் கண்களைத் திறக்கச் சொல்கிறார்கள். திறந்து பார்த்தால் குழல் பெரும்பாலும் இலக்கை விட்டு விலகியே இருக்கும். புதியவர் உடனே கையால் அதை இழுத்து இலக்கின்மீது நிறுத்துவார். பயிற்சியாளர் அதை அனுமதிப்பதில்லை. "கையை அசைக்காதீர்கள், பாதத்தைத் திருப்புங்கள்" என்பார். கையால் இழுத்துப் பிடித்த குழல் இலக்கில் நிற்பது தசை இறுகியிருக்கும் வரையில்தான். விசையை அழுத்தும் கணத்தில் தசை சற்றே தளரும். உடல் இயல்பாக எத்திசை நோக்கி நிற்கிறதோ, அத்திசைக்கே குழல் திரும்பிவிடும். பின்காலைச் சிறிது நகர்த்தினாலோ, உடல் முழுவதுமே திரும்பி இலக்கை நோக்குகிறது.

மூன்றாம் பாடம் கண்ணுக்குரியது. குறிபார்ப்பவர் தொலைவிலுள்ள இலக்கைத் தெளிவாகப் பார்க்க வேண்டும் என்றே எவரும் நினைப்பார். உண்மை வேறு. குழலின் நுனியிலுள்ள முன்குறிதான் கண்ணுக்குத் தெளிவாகத் தெரிய வேண்டும். இலக்கு சற்று மங்கலாகத் தெரிந்தால் போதும். இரு குறிகளுக்கும் இடையே 70 சென்டிமீட்டர் இருப்பின், முன்குறியில் நேரும் ஒரு மில்லிமீட்டர்ப் பிசகு பத்து மீட்டர் தொலைவில் ஏறத்தாழ 14 மில்லிமீட்டராகப் பெருகிவிடும். அருகிலிருப்பதைச் செம்மையாக வைத்தவனுக்கே தொலைவிலிருப்பது கிட்டுகிறது. புனிதத்தை விண்ணளவு உயரத்தில் வைத்து ஏங்கிக்கொண்டே, இன்று மாலை வீட்டில் பேச வேண்டிய ஓர் இன்சொல்லை மறந்துவிடும் நமக்கு இப்பாடம் வேண்டும்.

நான்காவது மூச்சு. மூச்சை வெளியேற்றியபின் இயல்பாக வரும் சிறு இடைவெளியில், விசையைத் திடுமென இழுக்காது, சீராகப் பின்னோக்கி அழுத்த வேண்டும். சில நொடிகளுக்குள் குறி நிலைகொள்ளாவிடில், சுடாமலே துப்பாக்கியைத் தாழ்த்திவிட்டு மீண்டும் தொடங்க வேண்டும். தாழ்த்துவது தோல்வியன்று, அதுவும் பயிற்சியின் ஒரு பகுதி. சினத்தின் சொல் நாவின் நுனிவரை வந்தபின் அதைச் சொல்லாமல் விழுங்கிய தந்தைக்கு இதன் அருமை தெரியும்.

ஐந்தாம் பாடமே நம்மை ஆழ்ந்து சிந்திக்க வைத்தது. ஐந்து முறை சுட்டபின் பயிற்சியாளர் தாளை எடுத்துப் பார்க்கிறார். நடுப்புள்ளியை எத்தனை குண்டுகள் தொட்டன என்று அவர் எண்ணுவதில்லை. துளைகள் ஒன்றையொன்று நெருங்கி விழுந்துள்ளனவா என்றே நோக்குகிறார். நாற்புறமும் சிதறிக் கிடந்தால், அவற்றுள் ஒன்று நடுவிலேயே பட்டிருந்தாலும் அவர் மகிழ்வதில்லை. ஐந்தும் இடப்பக்கக் கீழ்மூலையில் நெருங்கிக் கிடந்தாலோ அவர் முகம் மலர்கிறது. ஏனெனில், ஒரே இடத்தில் தவறும் குறி தன் காரணத்தைத் தானே காட்டிக்கொடுக்கிறது. அதைத் திருத்துவது எளிது.

ஒப்புரவு அருட்சாதனத்தை அணுகும் நல்லவர் பலரை வாட்டும் ஒரு சோர்வு உண்டு. "மீண்டும் அதே பாவந்தானே! இனி எந்த முகத்தோடு இறைவனிடம் செல்வது?" என்பதே அது. ஆண்டுக்கணக்கில் இவ்வாறு சோர்ந்து, ஒரு நாள் வருவதையே நிறுத்திவிடுகிறவர்களும் உளர். அவர்களுக்கு நாம் சொல்ல விரும்புவது இதுதான்: அன்பரே, ஒரே இடத்தில் விழும் குறி நம்பிக்கையற்ற குறியன்று. உம் பாதம் எத்திசை நோக்கி நிற்கிறது என்பதை அது உமக்குச் சுட்டுகிறது. நீரோ ஒவ்வொரு முறையும் கையால் இழுத்தே குழலை நிறுத்தப் பார்க்கிறீர். குடியை விட்டொழிப்பதாக ஒருவர் முழு மனத்தோடு உறுதி எடுக்கிறார். ஆனால், அதே நண்பர்களோடு, அதே மதுக்கடை வழியாகவே மாலைதோறும் வீடு திரும்புகிறார். அவருடைய உறுதி பொய்யன்று. அது தசையின் இறுக்கம். களைத்த ஒரு மாலையில் அது தளரும். அவர் மாற்ற வேண்டியது வீடு திரும்பும் வழியை. பாவத்துக்கு ஏதுவான சமயங்களை விலக்க வேண்டும் என்று நம் அறநெறி இயல் வற்புறுத்தியதன் பொருள் இதுவே. இறைவாக்கினர் மனமாற்றத்தைக் குறிக்க ஆண்ட 'ஷூவ்' என்னும் எபிரேயச் சொல்லும், நடந்துகொண்டிருப்பவர் திரும்பி வருதலையே குறிக்கும். மனமாற்றம் பாதங்களுக்கும் உரியது.

பாதத்தைத் திருப்பினால் மட்டும் போதுமா? அது ஊன்றும் தளமும் உறுதியாக இருக்க வேண்டுமன்றோ? அபினவ் பிந்த்ரா 2004-ஆம் ஆண்டு ஆதென்சு ஒலிம்பிக்கில் மூன்றாமவராக இறுதிச் சுற்றுக்குள் நுழைந்து, ஏழாம் இடத்தையே பெற்றார். தாம் நின்ற இடத்தின் தள ஓடு உறுதியின்றி அசைந்ததைப் பின்னரே அறிந்ததாகத் தம் தன்வரலாற்றில் அவர் கூறியுள்ளார். நான்கு ஆண்டுகளுக்குப் பின், 2008 ஆகஸ்டு 11 அன்று பெய்சிங்கில், கடைசிக் குண்டுக்கு முன் அவரும் பின்லாந்து வீரர் ஹென்றி ஹாக்கினனும் சமநிலையில் நின்றனர். ஹாக்கினன் பெற்றது 9.7, பிந்த்ரா பெற்றது 10.8. தனிநபர் போட்டியில் இந்தியா வென்ற முதல் ஒலிம்பிக் தங்கம் அது.

அசையும் ஓட்டின்மீது எத்துணைத் திறமையாளரும் தடுமாறக்கூடும். நம் இறைமக்கள் சமூகத்தில், திருந்தி நிற்க முயலும் ஒருவரின் காலடித் தளமாக இருப்பவர்கள் யார்? அவர்தம் மனைவி மக்கள், அன்பியத்தார், பங்கு மக்களாகிய நாம் எல்லாரும். "இவன் எத்தனை நாளைக்கோ!" என்று நாம் வீசும் ஒரு சொல் போதும், அந்த ஓடு அசைவதற்கு. வழியை மாற்றிக்கொண்டவருக்கு மாலை வேளையில் உடன் நடக்க ஒரு துணை கிடைத்தால் போதும், அது உறுதிப்படுவதற்கு. அருள் இறைவனுடையது, அதுவே எல்லாவற்றுக்கும் அடித்தளம். ஆயினும், அவ்வருள் பலவேளைகளில் அடுத்தவரின் பொறுமை வழியாகவே நம்மை வந்தடைகிறது.

அடுத்தமுறை மனச்சான்றை ஆய்வு செய்யும்போது, எத்தனை முறை தவறினோம் என்று எண்ணுவதோடு நிறுத்தாமல், எப்பக்கம் தவறுகிறோம் என்றும் நோக்குவோம். எந்தப் பாதத்தை எவ்வளவு திருப்ப வேண்டும் என்று ஆண்டவரிடம் கேட்போம். பிறர் தம் பாதத்தைத் திருப்பும்போது அவர்கள் நிற்கும் தளத்தை அசைக்காதிருப்போம்.