போனஸ் வாங்கியாச்சு... அடுத்த கம்பெனி நிஜமாவே நல்லா இருக்குமா?

தீபாவளி லீவு முடிந்ததும் அவிநாசிப் பக்கம் அடிக்கடி காதில் விழும் பேச்சு இது: "அங்க பீஸுக்கு ரேட்டு சேர்த்தித் தர்றாங்களாமா அக்கா, போயிரலாமுங்களா?"

பனியன் கம்பெனிகளை நம்பி வாழும் ஊர். போனஸ் கைக்கு வரும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு இருப்பது, வந்ததும் அடுத்த கேட்டில் நிற்பது. ஓவர்லாக் ஓட்டத் தெரிந்தவருக்கு வேலையா கிடைக்காது?

புது இடத்தில் முதலில் எல்லாமே இனிக்கும். சூப்பர்வைசர் சிரித்துப் பேசுவார், டீ கூட நன்றாக இருக்கும். சில மாதம் போனால் அதே டார்கெட், அதே நைட், அதே முதுகுவலி. அமெரிக்காவில் போஸ்வெல் என்ற பேராசிரியரும் இரண்டு ஆய்வாளர்களும் 2005-ல் வெளியிட்ட ஆய்வு இதற்கு 'தேனிலவு' என்றே பெயர் வைத்தது. வேலை மாறியதும் திருப்தி ஏறுகிறது, பிறகு இறங்குகிறது. அவர்கள் பார்த்தது பெரிய மேனேஜர்களை. பீஸ் ரேட் டெய்லருக்கு அப்படியே பொருந்துமா என்பது வேறு விஷயம். ஆனால், நாலு கம்பெனி மாறிய யாரைக் கேட்டாலும் சிரிப்பார்கள்.

அதற்காக, 'இருந்த இடத்திலேயே இரு' என்று சொல்லிவிட முடியாது. இதே கொங்கு மண்டல நூற்பாலைகளில் 'சுமங்கலித் திட்டம்' இருந்ததே! 3 வருஷம் முடித்தால் கல்யாணத்துக்கு மொத்தமாகப் பணம். நடுவில் நின்றால் அந்தப் பணம் போய்விடும் என்ற பயத்திலேயே உடம்பு முடியாத பெண் பிள்ளைகளும் பல்லைக் கடித்தார்கள். வேண்டாம் என்று எழுந்துபோக முடிவதே ஒரு சுதந்திரம்தான்.

வெறும் ரேட்டுக்காக மாறுபவர்கள்தான் கொஞ்சம் கணக்குப் போட வேண்டும். நிரந்தரத் தொழிலாளிக்குப் பணிக்கொடை கிடைக்க, பொதுவாக ஒரே நிறுவனத்தில் 5 வருஷத் தொடர்ச்சி வேண்டும். இங்கே மூன்று, அங்கே இரண்டு என்றால் கூட்டல் சரி, பணம் பூஜ்யம். பி.எஃப். அப்படியில்லை, ஒரே யூ.ஏ.என். நம்பரில் கூடவே வரும். ஆனால், ஒவ்வொரு முறையும் பென்ஷன் பணத்தோடு சேர்த்து மொத்தமாக எடுத்துவிட்டால், பென்ஷனுக்குத் தேவையான 10 வருஷக் கணக்கு முதலிலிருந்து தொடங்கும்.

பழைய கம்பெனி, வேலையைவிட்ட தேதியை ஏற்றாமல் விட்டிருந்தால் கெஞ்சிக்கொண்டு நிற்க வேண்டாம். கடைசியாக பி.எஃப். கட்டிய மாதத்திலிருந்து 2 மாதம் கழித்து, பி.எஃப். தளத்தில் நீங்களே அதைப் பதியலாம். ஆதாரோடு இணைத்த போன் நம்பர் மட்டும் கையில் இருக்கட்டும்.