கால்களைத் தேடி ஒரு மலைப் பயணம்

தமிழகத்தின் வடபகுதியில், கிழக்குத் தொடர்ச்சி மலைகளின் ஓர் அங்கமாக நீண்டு கிடப்பது ஜவ்வாது மலை. திருவண்ணாமலை, திருப்பத்தூர், வேலூர் ஆகிய மூன்று மாவட்டங்கள் இதன் சரிவுகளைப் பங்கிட்டுக் கொண்டுள்ளன. செய்யாறு பிறப்பது இங்கேதான். சந்தனத்துக்கும் தேனுக்கும் கடுக்காய்க்கும் சாமைக்கும் பெயர் பெற்ற இம்மலைக்கு மக்கள் செல்லும் நோக்கங்கள் பல. கோடை வெப்பத்துக்கு அஞ்சிச் செல்வோர் உண்டு. பீமன் நீர்வீழ்ச்சியில் குளிக்கச் செல்வோர் உண்டு. காவலூரில் வானாய்வகத்தைக் காணச் செல்வோரும் உண்டு. நாம் சென்றதோ, நம் பங்கைச் சேர்ந்த 11 மூதாட்டியரின் கால்களுக்காக!

இதென்ன விந்தை என்று வாசகர் வினவலாம். அதற்கு முதலில் ஒரு நோயைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

ஊனின் வறுமை

முதல் வெள்ளிக்கிழமைகளில் நோயாளிகளுக்கு நற்கருணை கொண்டு செல்லும்போது நாம் காணும் காட்சி ஒன்று உண்டு. திண்ணையிலோ கட்டிலிலோ தாய் அமர்ந்திருப்பார். "அம்மாவை ஒரு துரும்பைக்கூட எடுக்க விடுவதில்லை, சாமி" என்று மகன் பெருமையோடு கூறுவார். அன்பினால் சொல்லும் சொல்தான் அது. ஆனால் அடுத்த ஆண்டு அத்தாய் கோவிலுக்கு வருவதில்லை. அதற்கடுத்த ஆண்டு வாசற்படி தாண்டுவதில்லை. பின்னர் ஒருநாள் குளியலறையில் விழுந்துவிட்டார் என்ற செய்தி வரும்.

முப்பது வயதுக்குப் பின் மனித உடலின் தசை, பத்தாண்டுக்கு ஏறக்குறைய 3 முதல் 8 விழுக்காடு வரை குறைகிறது என்பர் மருத்துவர். அறுபதுக்குப் பின் இத்தேய்வு விரைவு பெறுகிறது. மாதவிலக்கு நின்றபின் பெண்களிடம் இது இன்னும் கூடுகிறது. இந்நிலைக்கு 1989-இல் அமெரிக்க மருத்துவர் இர்வின் ரோசன்பெர்க் 'சார்கோபீனியா' என்று பெயரிட்டார். 'சார்க்ஸ்' என்றால் ஊன். 'பீனியா' என்றால் வறுமை. குருமடத்தில் கிரேக்கம் பயின்ற நமக்கு முதற்சொல் புதியதன்று. யோவான் நற்செய்தியின் முகப்பில், வார்த்தையானவர் ஏற்றுக்கொண்ட ஊனுடலைக் குறிப்பதும் இச்சொல்லே. அத்துணை மாண்புற்ற ஊன், நம் வீட்டுத் தாய்மாரிடம் வறுமைப்பட்டுக் கிடக்கிறது.

முதலில் மெலிபவை, விரைந்து இயங்கும் தசை நார்களாம். கால் இடறும்போது சட்டென்று உடலைத் தாங்கி நிறுத்துபவை அவையே. ஆகவேதான் முதியோர் இடறினால் விழுந்தே விடுகின்றனர். ஓய்வு இதற்கு மருந்தாகுமா? நலமுடன் இருந்த முதியோர் சிலரை 10 நாள் படுக்கையிலேயே இருக்கச் செய்து அமெரிக்காவில் ஆராய்ந்தனர். அப்பத்து நாளில் அவர்கள் கால்களிலிருந்து மட்டும் ஏறக்குறைய ஒரு கிலோ தசை கரைந்துவிட்டது என 2007-இல் அறிவித்தனர்.

தேய்வை அறியும் வழிகளும் எளியவை. ஆசிய மருத்துவ வல்லுநர் குழு 2019-இல் வகுத்த அளவுகளின்படி, பெண்ணின் கைப்பிடி வலிமை 18 கிலோவுக்குக் குறைந்தாலோ, கைகளை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழுந்து அமர 12 வினாடியோ அதற்கு மேலோ ஆனாலோ, மருத்துவரைக் காணவேண்டும். கருவி இல்லாதவர்க்கு வீட்டிலேயே அடையாளங்கள் உண்டு: ஈரப் புடவையைப் பிழிய இயலாமை; பேருந்துப் படியில் கால் தூக்க இயலாமை; கோவிலில் முழந்தாளிட்டபின் பிறர் கை பிடியாமல் எழ இயலாமை.

மரங்களிடையே

இயன்முறை மருத்துவம் கற்ற அருட்சகோதரி ஒருவரின் துணையோடு, கடந்த தை மாதத்தில் வேன் அமர்த்திப் புறப்பட்டோம். அனைவரும் முன்னதாகவே மருத்துவரிடம் காட்டி இசைவு பெற்றிருந்தனர். வாணியம்பாடியிலிருந்து ஆலங்காயம் கடந்ததும் சாலை வளைந்து ஏறத் தொடங்குகிறது. காற்றின் வெம்மை தணிகிறது. கடல் மட்டத்திலிருந்து 725 மீட்டர் உயரத்தில் காவலூர். வேணு பாப்பு என்னும் வானியல் அறிஞர், ஊர் விளக்குகளின் ஒளி தீண்டாத இருளை நாடி இக்காட்டைத் தேர்ந்தார். இன்று அவர் பெயர் தாங்கும் வானாய்வகத்தில் 1986 முதல் 2.3 மீட்டர் தொலைநோக்கி இயங்கி வருகிறது. அவர் இருளை நாடினார். நாம் நிழலை நாடி ஜமுனாமரத்தூர் நோக்கிச் சென்றோம்.

ஊரை ஒட்டிய மரநிழற் பாதையில் பயிற்சி தொடங்கியது. முதலில் மெல்ல நடை. பேசிக்கொண்டே நடக்க முடிகிற வேகம். மேடேறுகையில் தொடைத் தசைகள் உடலை உயர்த்துகின்றன. இறங்குகையில் அதே தசைகள் கடிவாளம்போல் இழுத்துப் பிடிக்கின்றன. இதுவும் வலுவூட்டும் உழைப்பே என்றார் சகோதரி. வேரும் கல்லும் கிடக்கும் தரை, கணுக்காலுக்கு ஒவ்வோர் அடியிலும் சமநிலை கற்பிக்கிறது. சிமெண்டுத் தரை இதைக் கற்பிப்பதில்லை. பின்னர் ஒவ்வொருவரும் ஒரு மரத்தைப் பற்றிக்கொண்டு பத்துமுறை குதிகால் உயர்த்தினர். அடிமரத்தில் கைகளை ஊன்றி உடலைத் தள்ளினர். பாறைத் திண்டில் அமர்ந்து அமர்ந்து எழுந்தனர். கை ஊன்றாமல் எழ முடிந்தவர் அன்று மூவரே.

விறகுச் சுமையோடு எதிர்வந்த மலைப்பெண் ஒருவர் நின்று வேடிக்கை பார்த்தார். அவருக்கும் அறுபதுக்கு மேலிருக்கும். "எதைத் தேடி வந்தீங்கம்மா?" என்று கேட்டார். நம் மூதாட்டி ஒருவர் தயங்காமல், "எங்க காலைத் தேடி வந்தோம்மா" என்றார். அனைவரும் நகைத்தனர், அந்நகைப்பில் சற்று துயரமும் இருந்தது.

இம்மலையில் வாழ்வோரில் மிகப் பெரும்பாலோர் மலையாளிப் பழங்குடியினர். பெயரைக் கண்டு கேரளத்தார் என மயங்கலாகாது. மலையை ஆள்பவர் என்னும் பொருளில் வழங்கும் இப்பெயருடையோர் பேசுவது தமிழே. காஞ்சியிலிருந்து முன்னோர் வந்ததாக அவர்கள் வழிவழிக் கதை கூறும். இப்பெண்களின் கால்களைக் கண்டு நாம் வியந்தது உண்மையே. ஆயினும் அவர்தம் வாழ்வை அழகிய ஓவியமாக மட்டும் தீட்டுவது நீதியாகாது. உழைப்பிருந்தும் உணவு போதாத உடலில் தசை நிலைக்காது. மருத்துவமனைக்கு நெடுந்தொலைவு செல்லவேண்டிய ஊர்களும் இங்குண்டு. சமவெளித் தாய் அசைவின்றித் தேய்கிறார். மலைத்தாய் மிகை உழைப்பாலும் குறையுணவாலும் தேயக்கூடும். இருவருக்கும் வேண்டுவன அளவான உழைப்பும் நிறைவான உணவுமே.

காட்டுக்கு என்ன பங்கு?

காட்டை நலம் பேணும் இடமாகக் கருதுவது இன்று பல நாடுகளில் அரசின் திட்டமாகவே உள்ளது. ஜப்பானிய வனத்துறை 1982-இல் 'வனக்குளியல்' என்ற பெயரையே படைத்தது. தென்கொரியாவில் சோபெக் மலையடியில் யோங்ஜு நகரையொட்டி, 2016 முதல் தேசிய வனநல மையம் இயங்குகிறது. நம் நாட்டில் உத்தரகண்ட் வனத்துறை, ராணிகேத் அருகே காளிகாவில் பைன் மரங்களிடையே 2021-இல் இத்தகைய இடமொன்றை அமைத்தது.

மரங்களிடையே நடப்பதால் மனவிறுக்கமும் குருதியழுத்தமும் தணிவதாகச் சிற்றளவிலான ஆய்வுகள் பல கூறுகின்றன. ஆனால் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுவோம்: இலையின் மணத்தால் தசை வளர்வதில்லை. தசையை வளர்ப்பவை பளுவும் உணவுமே. பாஸ்டன் நகர முதியோர் இல்லமொன்றில், 86 முதல் 96 வயது வரையான பத்துப்பேருக்கு மருத்துவர் மரியா ஃபியாத்தரோன் குழுவினர் எட்டு வாரம் காற்பளுப் பயிற்சி அளித்தனர். முழுதும் பயின்ற ஒன்பது பேரின் கால்வலிமை சராசரியாக 174 விழுக்காடு உயர்ந்தது. இது 1990-இல் வெளியான ஆய்வு. தொண்ணூறிலும் தசை கட்டளைக்குப் பணிகிறது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

அங்ஙனமாயின் காடு எதற்கு? பளு தூக்கும் கூடத்துக்கு நம் தாய்மார் போவார்களா? வீட்டினுள் தனியே எழுந்து அமர்வது இரண்டாம் நாளே சலித்துவிடும். காட்டிலோ நிழல் இருக்கிறது, குளிர் இருக்கிறது, பறவையொலி இருக்கிறது, உடன் நடக்கத் தோழியர் இருக்கின்றனர். நாளை மீண்டும் செய்வோம் என்னும் விருப்பத்தைக் காடு விதைக்கிறது.

சாமைச் சோறும் கொள்ளும்

நண்பகலில் சாமைச் சோறும் கொள்ளுக் குழம்பும் அவித்த முட்டையும் உண்டோம். முதியோர்க்கு உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு 1 முதல் 1.2 கிராம் புரதம் தேவையென வல்லுநர் கூறுவர். 50 கிலோ எடையுள்ளவர்க்கு 50 முதல் 60 கிராம். நூறு கிராம் சாமையில் ஏறக்குறைய 10 கிராமும், நூறு கிராம் கொள்ளில் 20 கிராமுக்குச் சற்று மேலும், ஒரு முட்டையில் 6 கிராமும் புரதம் உண்டு. காலையில் காப்பியும் ரொட்டியும், இரவில் கஞ்சியும் உப்பும் என்று காலந்தள்ளும் மூதாட்டிக்கு இவ்வளவு எங்ஙனம் கிட்டும்? பிள்ளைகளுக்கு முட்டையைக் கொடுத்துவிட்டுத் தாம் ரசத்தோடு எழுந்துவிடும் வழக்கம் இளமையிலேயே நம் பெண்களிடம் ஊறிவிட்டதன்றோ! சிறுநீரக நோயுள்ளோர் மட்டும் புரத அளவை மருத்துவரிடம் கேட்டறிதல் வேண்டும்.

ஆடியில் மீண்டும்

ஒருநாள் மலையேறுவதால் தசை சேர்ந்துவிடாது. ஆதலின் ஊர் திரும்பியபின், கோவில் வளாகத்து வேப்ப மரங்களின்கீழ் வாரம் மூன்று நாள் அதே பயிற்சிகளைத் தொடர்ந்தனர். இருவர் இடையில் நின்றுவிட்டனர். ஒருவருக்கு முழங்கால் வலி, மற்றவருக்கு வீட்டில் இசைவில்லை. ஏனைய ஒன்பதின்மரும் ஆடி மாதம் மீண்டும் மலைக்கு வந்தனர். சாமைக் கொல்லைகள் பசேலென்றிருந்தன. அதே பாறைத் திண்டில், இம்முறை எழுவர் கை ஊன்றாமல் எழுந்தனர். அவர்களுள் ஒருவர், மகன் துரும்பெடுக்க விடாத அத்தாய்! ஓடிப்போய் உதவ வேண்டாமென்று சகோதரி கையமர்த்த, மகன் சற்று எட்ட நின்று பார்த்துக்கொண்டிருந்தார். தாய்க்கு உதவாமல் நிற்பது அவருக்கு எத்துணைக் கடினமாயிருந்தது என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது.

குடும்பத் தலைவர்களே, மருமக்களே, எல்லாராலும் மலைக்குச் செல்ல இயலாது. ஆனால் மரமில்லாத ஊர் எங்கே? மருத்துவரின் இசைவோடு, வழுக்காத காலணியும் ஊன்றுகோலும் தந்து, காலையிலோ மாலையிலோ வேம்பின் நிழலுக்கோ புளியந்தோப்புக்கோ தாயை அழைத்துச் செல்லுங்கள். நெஞ்சுவலியோ மயக்கமோ தோன்றினால் உடனே நிறுத்துங்கள். தமிழக அரசு 2021-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீடு தேடி வரும் இயன்முறை மருத்துவமும் உண்டு, கேட்டுப் பெறுங்கள். உண்ணும்போது முட்டையோ சுண்டலோ அவர் தட்டில் முதலில் விழட்டும்.

கீரை ஆயவும், குடத்தில் பாதி நீர் எடுக்கவும், பேரனைப் பள்ளிக்கு அழைத்துச் செல்லவும் அவர் விரும்பினால் தடுக்காதீர்கள். தாயை அமர வைப்பது எளிது. உடன் நடப்பதற்கோ நம் நேரத்தைத் தரவேண்டும். அந்த நேரத்தையே அவர்கள் நம்மிடம் எதிர்பார்க்கின்றனர்.