உல்லைக் கபானாவும் ஒரு சாவியும்



கொஞ்சம் நீளமான பதிவு. வெளிநாட்டிலிருந்து ஸ்மார்ட் சாமான் அனுப்புகிற தம்பிமாரும் வாசித்தால் நல்லது.

என் தங்கச்சியின் மாப்பிள்ளை கட்டாரில் உழைத்த காசில் உல்லையில் சின்னதாக ஒரு கபானா கட்டியிருக்கிறார். இரண்டு அறை, முன்னால் கிடுகு போட்ட விறாந்தை. சீசனில் அலையடிக்க வரும் வெள்ளைக்காரர்களுக்கு வாடகைக்குப் போகும், மாரியில் பூட்டிக் கிடக்கும். சாவி பொத்துவில் காக்கா ஒருவரிடம். முன்பு கடல் தொழில் செய்தவர். கபானாவுக்குக் கல் வைத்த நாளிலிருந்து அவர்தான் எல்லாம்.

போன டிசம்பர் விடுமுறையில் மச்சான் ஒரு பெட்டி அனுப்பினார். உள்ளே வைஃபை பல்புகள், ஸ்மார்ட் பிளக்குகள், இரண்டு கமரா. "நீங்க சயன்ஸ் படிப்பிக்கிற ஆள்தானே, பூட்டி விடுங்க மச்சான்" என்றார். எனக்கும் ஆசைதான்.

முதல் நாள் முழுதும் ஒரு பல்பைக்கூட இணைக்க முடியவில்லை. ஆப் சுற்றிக்கொண்டே இருந்தது. இந்தச் சாமான்களில் அநேகமானவை 2.4 கிகாஹேர்ட்ஸ் வைஃபையில் மட்டும்தான் வேலை செய்யும். நமது ரௌட்டர் 2.4, 5 இரண்டையும் ஒரே பெயரில் விடுகிறது, போன் 5 இல் போய் நின்றுகொள்கிறது. ரௌட்டர் செட்டிங்கில் இரண்டுக்கும் வேறு வேறு பெயர் வைத்த பிறகு 10 நிமிடத்தில் எல்லாம் பிடித்தன. பிளக் கட்டாரிலிருந்து வந்த 13 அம்பியர் சதுரப் பின், சுவரில் இருப்பதோ பழைய உருண்டைப் பின். அடப்டர் போட்டு ஏசியைக் கொழுவச் சொன்னார் மச்சான். மாட்டேன் என்றேன். ஏசியும் ஹீட்டரும் இழுக்கிற கரண்டுக்கு அடப்டர் சூடேறி உருகும். மேலே இருப்பது கிடுகு.

கமரா ஒன்றை ஹோலுக்குள் வைக்கச் சொன்னார். அதற்கும் மறுத்தேன். பெருநாள் விடுமுறைக்கு நமது குடும்பங்களும் அங்கே வந்து தங்குகின்றன. பெண்கள் முக்காட்டைக் கழற்றி இருக்கிற இடத்தில் கமரா என்ன கமரா? வெள்ளைக்காரர் என்றாலும் அவருக்கும் மானம் இருக்கிறது. ஒன்றை மட்டும் கேற்றைப் பார்க்க விறாந்தையில் பூட்டிவிட்டு ஊருக்கு வந்துவிட்டேன்.

மூன்றாம் நாள் இரவு நல்ல மழை. கரண்ட் போய், 2 மணிபோல் திரும்பி வந்தது. கரண்ட் வந்ததும் கபானாவின் அத்தனை பல்பும் தானாக எரிந்தன. கமரா கட்டாருக்குச் செய்தி அனுப்பியது. அங்கே இரவு 11.30, மச்சான் முழித்திருந்தார். திறந்து பார்த்தால் பூட்டிய கபானாவுக்குள் வெளிச்சம். உடனே காக்காவுக்குப் போன் போட்டு, "யார உள்ளுக்கு விட்டிருக்கீங்க?" என்று கேட்டிருக்கிறார்.

அந்த மனிசன் மழைக்குள், யானை நடமாடும் பாதையில், டோச்சைப் பிடித்துக்கொண்டு போய்த் திறந்து பார்த்திருக்கிறார். ஒருவரும் இல்லை. சுபஹ் தொழுதுவிட்டு எனக்குப் போன் எடுத்தார். "சேர், வந்து சாவிய எடுத்திட்டுப் போங்க. இந்த வயசில கள்ளன் எண்டு பேர் கேக்க ஏலா."

பிழை என்னுடையது. கரண்ட் திரும்பி வந்தால் எரிவதா, அணைந்தே இருப்பதா என்று ஆப்பில் ஒரு செட்டிங் இருக்கிறது. மாற்றாமல் விட்டால் அநேகமான பல்புகள் எரியும். சுவர் சுவிட்ச்சால் போடுகிறவர்களுக்காக அப்படி வைத்திருக்கிறார்கள். அதை நான் பார்க்கவேயில்லை. பிள்ளைகளுக்குக் "கேள்வியை முழுக்க வாசி" என்று சொல்கிற ஆள்தான் நான்.

அன்றே பஸ் ஏறிப் போனேன். காக்கா சாவியை நீட்டினார். நான் வாங்கவில்லை. மெயின் சுவிட்ச்சை அணைத்துப் போட்டேன். பல்புகள் எல்லாம் எரிந்ததை அவரே பார்த்தார், ஒன்றும் பேசவில்லை. அவர் முன்னாலேயே மச்சானுக்கு வொயிஸ் போட்டேன்: "பிழ என்னில. நீங்க காக்காட்ட மாப்புக் கேக்கணும்." பின்னேரம் அஸருக்குப் பிறகு மச்சான் போன் எடுத்தார். இரண்டு பேரும் என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது, நான் கடற்கரைப் பக்கம் போய்விட்டேன். திரும்பி வரும்போது சாவி அவருடைய சாரன் மடியில் இருந்தது.

"அந்த ஆப்ப எண்ட போனுக்கும் போட்டுத் தாங்க சேர்" என்றார். போட்டுக் கொடுத்தேன்.

போன கிழமை திரும்பவும் மழை. கபானாவில் கரண்ட் இல்லை, மச்சானின் போனில் எல்லாம் 'ஓஃப்லைன்' என்று மட்டும் காட்டியதாம். அவர் எடுக்குமுன் காக்கா எடுத்துவிட்டார்: "தம்பி, கரண்ட் போயிட்டு. நான் போய்ப் பாத்திட்டு வந்திட்டன். படுங்க."