எங்கள் ஊர் நூல் நிலையம்

சென்ற ஐப்பசி மாதத்தில் எங்கள் ஊரிலிருந்து மூன்று பேர் என்னைப் பார்க்க வந்தார்கள். ஒருவர் கையில் பழக்கூடை இருந்தது. பழக்கூடையோடு வருகிறவர்கள் பிரசங்கம் செய்யத்தான் அழைப்பார்கள் என்பது என் அனுபவம். அது இந்தத் தடவையும் பொய்க்கவில்லை.

"சார், நம் ஊருக்குப் புது நூலகக் கட்டடம் வேண்டுமென்று அரசாங்கத்துக்கு விண்ணப்பம் போடப் போகிறோம். புறவழிச் சாலை ஓரத்தில் இலவசமாகவே நிலம் தர ஒரு பெரியவர் முன்வந்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை ஊர்க் கூட்டம். நீங்கள் வந்து பேசி, முதல் கையெழுத்தும் போட வேண்டும்" என்றார் அவர்களில் இளையவர். அவர்தான் குழுவின் காரியதரிசி.

கதை எழுதிப் பிழைப்பவன் நூல் நிலையம் வேண்டாம் என்று சொல்வானா? உடனே ஒப்புக்கொண்டேன். நான் படித்து ஆளான நூல் நிலையம் அந்த ஊரில்தான் இருக்கிறது என்ற பெருமையும் கொஞ்சம் சேர்ந்துகொண்டது.

கடைத்தெருவிலிருந்து பிரியும் சந்தில், ஒரு காலத்தில் சத்திரமாக இருந்த ஓட்டுக் கட்டடம் அது. பதினோரு வயதில், அம்மா கடுகு டப்பாவில் சேர்த்து வைத்திருந்த காசை வாங்கிக்கொண்டு போய்க் காப்புத் தொகை கட்டி அங்கே உறுப்பினன் ஆனேன். 'பொன்னியின் செல்வன்' ஐந்து பாகங்களில் மூன்றாம் பாகம் மட்டும் எப்போது போனாலும் அலமாரியில் இருக்காது. பொறுமை இழந்து நாலாம் பாகத்தையும் ஐந்தாம் பாகத்தையும் முதலில் படித்துவிட்டு, மூன்று மாதம் கழித்து மூன்றாம் பாகத்தைப் படித்தவன் நான். முடிவு தெரிந்த பிறகும் ஒரு கதை நம்மை இழுத்துக்கொண்டு போக முடியும் என்ற பாடத்தை அப்போதுதான் கற்றேன். பின்னால் அது எனக்குச் சோறு போட்டது.

கூட்டத்துக்கு முதல் நாளே ஊருக்குப் போய்விட்டேன். மாலையில் மழை தூறிக்கொண்டிருந்தது. குடையைப் பிடித்துக்கொண்டு சந்துக்குள் நுழைந்தேன்.

கட்டடம் என்னை விட அதிகமாக மூப்படைந்திருந்தது. கூரை இரண்டு இடங்களில் ஒழுகியது. ஒழுக்குக்கு அடியில் பிளாஸ்டிக் வாளிகள் வைத்திருந்தார்கள். இடமில்லாமல் சாக்குகளில் கட்டி வைத்த புத்தகங்கள் ஒரு மூலையில் கிடந்தன. இத்தனைக்கும் நடுவே இருபது பேருக்குக் குறையாமல் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தார்கள்! பத்திரிகை மேஜையைச் சுற்றி வழக்கம் போல ஓய்வு பெற்றவர்கள். மற்றொரு மேஜையில், அரசுத் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் நோட்டுப் புத்தகங்களைப் பரப்பியிருந்தார்கள்.

நூலகர் அம்மாள் என்னை அடையாளம் கண்டுகொண்டார். "புதுக் கட்டடம் வரட்டும் ஐயா, எனக்கும் சந்தோஷந்தான். ஆனால் இந்தப் பிள்ளைகளில் எத்தனை பேர் அங்கே வருவார்கள் என்றுதான் யோசனையாக இருக்கிறது" என்றார். அந்தப் பேச்சை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

வெளியே வந்து, எதிரே இருந்த பூக்கடையில் ஒரு முழம் மல்லிகை வாங்கினேன். பூக்கட்டும் அம்மாளின் கண் அடிக்கடி நூல் நிலையத்து வாசலுக்குப் போய் வந்தது.

"யாரையாவது எதிர்பார்க்கிறீர்களா, அம்மா?" என்று கேட்டேன்.

"எம் பொண்ணு உள்ள படிக்குதுங்க ஐயா. வீட்டுல ஒரே ரூமு, அஞ்சு பேரு, ஓயாம டி.வி. இங்கன்னா பேன் இருக்கு, மேஜை இருக்கு. நான் எட்டு மணிக்குக் கடையைக் கட்டுறப்போ கூட்டிக்கிட்டுப் போயிடுவேன்."

"புது நூலகம் புறவழிச் சாலைப் பக்கம் வருகிறதாமே?"

அந்த அம்மாள் பூத்தொடுப்பதை நிறுத்தவில்லை. "அங்க எப்படிங்க ஐயா அனுப்புறது?" என்று மட்டும் சொன்னார்.

அந்த ஒரு வார்த்தை என் பிரசங்கத்தைக் கெடுத்துவிட்டது. மறுநாள் காலையில் பூக்கடையிலிருந்து அந்த நிலத்துக்கு நடந்து பார்த்தேன். நாற்பது நிமிஷம் ஆயிற்று. கடைசிக் கால் மைலுக்குத் தெருவிளக்கே கிடையாது. லாரிகள் பறக்கும் சாலையைக் குறுக்கே கடக்கவும் வேண்டும். நிலம் என்னவோ அருமையான நிலந்தான். வேலிக்குள் இரண்டு வேப்ப மரங்கள் நின்றன. அங்கே ஒரு நூல் நிலையத்தைக் கற்பனை செய்வது சுலபமாக இருந்தது. அதற்குள் பூக்காரியின் பெண்ணைக் கற்பனை செய்யத்தான் முடியவில்லை.

அப்போது எனக்கு எஸ். ஆர். ரங்கநாதனின் ஞாபகம் வந்தது. 1892-ல் சீர்காழியில் பிறந்து, கணக்கு வாத்தியாராக இருந்து, 1924-ல் சென்னைப் பல்கலைக்கழகத்து நூலகரான மனிதர். நூல் நிலையங்களுக்கு அவர் வகுத்த ஐந்து விதிகள் 1931-ல் புத்தகமாக வந்தன. நூல்கள் உபயோகத்துக்கே என்பது முதல் விதி. இது யாருக்குத் தெரியாது என்று தோன்றும். ஆனால் ரங்கநாதன் அந்த விதியைப் பிடித்துக்கொண்டு, நூல் நிலையம் ஊரில் எங்கே இருக்க வேண்டும், எவ்வளவு நேரம் திறந்திருக்க வேண்டும், உட்கார என்ன ஆசனம் வேண்டும், உள்ளே இருப்பவர் எப்படிப்பட்டவராக இருக்க வேண்டும் என்றெல்லாம் விசாரித்துக்கொண்டே போகிறார். படிக்கிறவரின் நேரத்தை மிச்சப்படுத்த வேண்டும் என்பது அவருடைய நாலாவது விதி. நாற்பது நிமிஷ நடையை அவர் மன்னித்திருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை.

அதே 1931-ஆம் வருஷம் அக்டோபர் மாதத்தில், மன்னார்குடியை அடுத்த மேலவாசலிலிருந்து ஒரு மாட்டு வண்டி புறப்பட்டது. வண்டி நிறையப் புத்தகங்கள். கனகசபைப் பிள்ளை என்பவர் நடத்திய நடமாடும் நூல் நிலையம் அது. கட்டடம் கட்டிவிட்டு ஜனங்களை வரச் சொல்லாமல், ஜனங்கள் இருக்கும் இடத்துக்கு மாடு கட்டிப் புத்தகத்தை அனுப்பினார்கள்.

பெரிய நூலகங்கள் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 1896-ல் திறந்த கன்னிமாரா நூலகத்தில் பகல் பகலாக உட்கார்ந்து குறிப்பெடுக்காமல் என் சரித்திர நாவல்களில் ஒன்றையும் எழுதியிருக்க முடியாது. 2010-ல் கோட்டூர்புரத்தில் அண்ணா நூற்றாண்டு நூலகமும், 2023-ல் மதுரையில் கலைஞர் நூற்றாண்டு நூலகமும் வந்தபோது மனம் குளிர்ந்தவர்களில் நானும் ஒருவன். ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கோட்டூர்புரத்துக் கட்டடத்தைக் குழந்தைகள் மருத்துவமனை ஆக்கப் போவதாக 2011-ல் அரசு அறிவித்தபோது ஊரே பேசிற்று. வழக்குத் தொடர்ந்தார்கள். உயர் நீதிமன்றம் தடை விதித்தது. நூலகம் பிழைத்தது. ஒரு சந்திலுள்ள கிளை நூலகத்தின் கதவைப் பூட்டினால் யார் வழக்குப் போடுவார்கள்? மறுநாள் மாலையில் வந்து பூட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போகிற ஒரு பெண்ணுக்குத்தான் அது தெரியும்.

கட்டடம் மட்டும் போதாது என்பதையும் நாம் பார்த்துவிட்டோம். 2006-ல் தொடங்கிய அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் ஊராட்சிதோறும் நூலகம் கட்டினார்கள். நல்ல எண்ணந்தான். ஆனால் திறந்து வைத்துக்கொண்டு உட்கார ஆள் இல்லாமல், புதுப் புத்தகமும் வராமல், அவற்றில் பல சில வருஷங்களிலேயே பூட்டிக்கொண்டன.

இதெல்லாம் யாரோ போடும் தர்மமும் அல்ல. சுதந்திர இந்தியாவில் முதன்முதலாகப் பொது நூலகங்களுக்கென்று சட்டம் செய்தது நம் மாகாணந்தான். ரங்கநாதனின் முயற்சியால் 1948-ல் வந்த அந்தச் சட்டத்தின்படி வீட்டு வரியோடு நூலக வரியும் கட்டுகிறோம். இன்று அது ரூபாய்க்குப் பத்துப் பைசா. நூறு ரூபாய் வீட்டு வரி கட்டுகிறவர் பத்து ரூபாயை நூல் நிலையத்துக்குக் கொடுக்கிறார். வசூலிக்கிற உள்ளாட்சிகள் அதை நூலக ஆணைக்குழுவிடம் சேர்ப்பதில் காட்டும் தாமதம் ஒரு பழைய புகார். நானும் அந்த வரியை எத்தனையோ வருஷமாகக் கட்டி வருகிறேன். அந்தப் பணத்தில் ஒழுகாத கூரை ஒன்று கிடைக்கிறதா என்று ஒரு நாளாவது போய்ப் பார்த்தேனா? இல்லை. பழக்கூடை வர வேண்டியிருந்தது.

கூட்டத்தில் இதையெல்லாம் சொன்னேன். காரியதரிசியின் முகம் வாடிவிட்டது. ஆனாலும் மரியாதை குறையாமல் எழுந்து பதில் சொன்னார்.

"சார், நீங்கள் சொல்வது நியாயந்தான். ஆனால் அந்தக் கட்டடத்தில் குழந்தைகளுக்கென்று ஒரு மூலை கூடக் கிடையாது. பாதிப் புத்தகம் சாக்கில் கிடக்கிறது. இந்த நிலத்தை இன்று வேண்டாமென்றால் நாளைக்கு அங்கே கிடங்கு கட்டிவிடுவார்கள். அப்புறம் நமக்கு எப்போது நிலம் கிடைக்கும்?"

அவர் சொன்னதிலும் பிழையில்லை. கை தட்டல் அவருக்குத்தான் அதிகம் கிடைத்தது. எனக்கு வாயடைத்துப் போயிற்று. சற்று யோசித்துவிட்டு, விண்ணப்பத்தைக் கேட்டு வாங்கினேன். அடியில் இரண்டு வரி சேர்த்தேன். புதுக் கட்டடம் வந்தாலும் சந்திலுள்ள கிளையை மூடக் கூடாது என்பது ஒன்று. அதன் கூரையை இந்த வருஷமே செப்பனிட்டு, இரவு எட்டு மணி வரை திறந்து வைக்க வேண்டும் என்பது மற்றொன்று. "இந்த இரண்டு வரியும் இருந்தால் முதல் கையெழுத்து என்னுடையது, தம்பி. இல்லாவிட்டால் பழத்துக்கு உண்டான பணத்தைக் கொடுத்துவிடுகிறேன்" என்றேன். சபை சிரித்தது. காரியதரிசியும் சிரித்துவிட்டார். வரிகள் நின்றன.

விண்ணப்பம் போய்விட்டது. இன்னும் பதில் வரவில்லை. இரண்டும் கேட்டால் ஒன்றும் கிடைக்காது என்று சிலர் என்னைக் குறை சொல்வதாகக் கேள்வி. அப்படி ஆகிவிட்டால் அந்தப் பழியில் பாதியை நான் ஏற்கத்தான் வேண்டும்.

ஊரை விட்டுப் புறப்படுவதற்கு முன் மறுபடியும் அந்தச் சந்துக்குப் போனேன். காப்புத் தொகையையும் சந்தாவையும் கட்டி, ஏறக்குறைய அறுபது வருஷத்துக்குப் பிறகு மீண்டும் உறுப்பினன் ஆனேன். என்ன புத்தகம் வேண்டும் என்று நூலகர் அம்மாள் கேட்டார். 'பொன்னியின் செல்வன்' மூன்றாம் பாகம் என்றேன். அவர் அலமாரியைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார்.

"அது வெளியே போயிருக்கிறது, ஐயா."

அதைக் கேட்டு எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தை அந்த அம்மாளிடம் எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. நாலாம் பாகத்தை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.