ரிம்

புதிதாக ஒரு ரிம் தேர வேண்டியிருந்தது. மலை சைக்கிளின் பின்சக்கரத்துக்கு. பழையது போன மழைக்காலத்தில், கோத்தகிரிக்குக் கீழே தேயிலைத் தோட்டங்களின் ஊடே இறங்கும் பாதையில், தண்ணீர் அரித்து வெளியே தள்ளியிருந்த கல்லில் மோதி உதடு உள்ளே மடிந்துவிட்டது. யாருக்கும் அடியில்லை. ஐந்து நிமிஷத்தில் முடிந்திருக்கக்கூடிய காரியத்துக்கு ஒரு மாதம் ஆயிற்று. காரணம் பணம் மட்டுமல்ல. அந்த சைக்கிளை ஞாயிற்றுக்கிழமைகளில் நானும், மற்ற நாட்களில் பத்தொன்பது வயதான என் மகனும் ஓட்டுகிறோம். அவன் என்னைவிட வேகமாக இறங்குகிறவன்.

ரிம் தன்னளவில் உறுதியான வட்டம் அல்ல. தனியாகக் கையில் எடுத்து இரு பக்கமும் அழுத்தினால் கோழிமுட்டை வடிவத்துக்குப் போகப் பார்க்கும். அதை வட்டத்தில் நிறுத்தி வைப்பவை 32 கம்பிகள். பல்சக்கரம் இருக்கும் பக்கத்தில் ஒவ்வொரு கம்பியும் ஏறக்குறைய 100 கிலோ எடையைக் கட்டித் தொங்கவிட்டதுபோல் ரிம்மை உள்ளே இழுத்துக்கொண்டிருக்கிறது. சைக்கிள் சும்மா சுவரில் சாய்ந்திருக்கும்போதும் இந்த இழுபறி ஓய்வதில்லை. ஜாப்ஸ்ட் பிராண்ட் என்ற பொறியாளர் 1981-ல் சைக்கிள் சக்கரத்தைப் பற்றி மட்டுமே ஒரு புத்தகம் எழுதினார். ஓட்டுகிறவனின் பாரம் மேலுள்ள கம்பிகளில் தொங்குவதில்லை, தரையைத் தொடும் இடத்துக்கு நேர் மேலே உள்ள சில கம்பிகளின் இறுக்கம் குறைவதில்தான் அது தாங்கப்படுகிறது என்று அதில் காட்டினார். மெல்லிய கம்பி எதற்கும் முட்டுக்கொடுக்காது. ஆனால் முன்பே இழுத்துக் கட்டியிருப்பதால் அது தளர்வதே தாங்குவதாகிவிடுகிறது. பலமுறை படித்தும் இதில் என் வியப்பு அடங்கவில்லை. இந்த இழுப்பையெல்லாம் வாங்கிக்கொண்டு நெளியாமல் இருப்பது ரிம்மின் வேலை. மலையில் ஓடும் ரிம்முக்கு இன்னொரு வேலையும் உண்டு. கல்லின் அடியையும் அதுதான் வாங்க வேண்டும்.

இந்த இரண்டாவது வேலையை அதற்குக் கொடுத்தவர்கள் கலிபோர்னியாவில் மாரின் கவுண்டியைச் சேர்ந்த சில இளைஞர்கள். பழைய ஷ்வின் சைக்கிள்களை, அவற்றின் தடித்த 26 அங்குல டயர்களுக்காகவே தேடிப் பிடித்து மலைச்சரிவில் இறக்கினார்கள். 1976 அக்டோபர் 21-ல் முதல் 'ரீபேக்' பந்தயம் நடந்தது. ஒருமுறை இறங்கி முடிப்பதற்குள் பின் ஹப்பில் இருக்கும் பிரேக்கின் கிரீஸ் எரிந்து புகைந்துவிடும். மறுபடி அடைக்க வேண்டும். அதனால் அந்தப் பெயர். மறு வருஷம் ஜோ பிரீஸ் இந்தக் காரியத்துக்கென்றே புதிய பிரேம் கட்டினார். ஆரம்ப வண்டிகளின் ரிம் கனத்த எஃகு; ஈரமானால் பிரேக் கட்டை பிடிக்காது. அலுமினியம் பிறகு வந்தது. லேசான ரிம் வேண்டும் என்பதற்காக கீத் பாண்ட்ரேகர், ரோடு சைக்கிளின் பெரிய ரிம்மில் ஒரு துண்டை வெட்டி எடுத்துவிட்டு, மிச்சத்தைச் சிறிய வட்டமாக வளைத்துச் சேர்த்தார். வலு, லேசு, மலிவு மூன்றும் சேர்ந்து கிடைக்காது, எவையாவது இரண்டைத்தான் கேட்கலாம் என்ற வாசகமும் அவர் பெயரிலேயே வழங்குகிறது. எந்த இரண்டைக் கேட்பது என்பதில்தான் எங்கள் வீட்டில் தகராறு.

தகராறுக்கு முன்னால் அளவு. 26 என்று எழுதியிருப்பதெல்லாம் 26 அல்ல. மலை சைக்கிளின் 26 அங்குல ரிம்மில் டயர் உட்காரும் இடத்தின் விட்டம் 559 மில்லிமீட்டர். 26 x 1⅜ என்று பின்னத்தில் எழுதியிருந்தால் அது 590. ஒன்றின் டயர் மற்றதில் உட்காராது. மாறாக, 622 என்ற ஒரே அளவுக்கு ரோடு சைக்கிளில் 700சி என்று பெயர், மலை சைக்கிளில் 29 என்று பெயர். பெயர் ஒன்றாக இருந்து பொருள் வேறாக இருப்பதும், பெயர் வேறாக இருந்து பொருள் ஒன்றாக இருப்பதும் நம் விமர்சனத்துக்குப் புதிதல்ல. ஆனால் சைக்கிள்காரர்கள் கடைசியில் மில்லிமீட்டருக்கு வந்து சேர்ந்துவிட்டார்கள். நாம் இன்னும் 'யதார்த்தம்' என்ற சொல்லைப் பின்னத்திலா தசமத்திலா என்று சொல்லாமலே புழங்குகிறோம். என் சைக்கிளுக்கு வேண்டியது 584, கடைக்காரர்களின் பாஷையில் 27.5.

அடுத்தது அகலம். 1990களில் மலை சைக்கிள் ரிம்மின் உள்ளகலம் 20 மில்லிமீட்டரை எட்டுவதே அரிது. இப்போது 25, 30 சாதாரணம். குறுகிய ரிம்மில் தடித்த டயர் காம்பின் மேல் காளான் போல் உட்கார்ந்து பக்கவாட்டில் சாயும். அகன்ற ரிம்மில் நிலையாக நிற்கும். அதனால் காற்றைக் குறைக்கலாம். 20, 25 பவுண்டு காற்றில் டயர் கல்லின் மேல் துள்ளாமல் படிந்து போகும். பிடிப்பு கூடும். ஆனால் காற்றைக் குறைத்தால் கல் டயரைத் தாண்டி ரிம்மை அடைந்துவிடும். மிக அகன்ற ரிம்மில் டயரின் தலை தட்டையாகி, மெல்லிய பக்கச் சுவர் கல்லுக்கு நேராக வந்துவிடும். ஒரு முனையில் கிடைத்ததை இன்னொரு முனையில் கொடுக்க வேண்டியிருக்கிறது.

மகன் கார்பன் வேண்டும் என்றான். அவன் வாதம் குறைவானதல்ல. 'எடை நடுவுல இருந்தா ஒண்ணு, ஓரத்துல இருந்தா ஒண்ணு, அப்பா' என்றான். சுற்றுகிற எடை ஓரத்தில் 100 கிராம் குறைந்தாலும் ஏற்றத்தில் கால் அறியும் என்பது உண்மைதான். கார்பன் விறைப்பானது. சிறிய அடிகளுக்கு மடியாது, கோணாது. அலுமினியமோ ஒவ்வொரு அடியையும் தன்மேல் எழுதிக்கொள்ளும். ஒரு வருஷம் மலையில் ஓடிய அலுமினிய ரிம்மில் விரலை ஓட்டினால் எத்தனை கல்லில் இடித்தோம் என்று எண்ணிவிடலாம். விலை சில மடங்கு கூடுதல் என்பது எனக்கு முக்கியமான எதிர்வாதமாகப் படவில்லை. அலுமினியத்தின் குறை என்று அவன் சொன்னதே எனக்கு அதன் குணமாகத் தெரிந்தது. அலுமினியம் வளையும். வளைந்து காட்டும். கார்பன் பெரும்பாலும் தாங்கிவிடும். தாங்காத அன்று வளையாது, பிளக்கும். சில சமயம் பிளவு உள்ளடுக்கிலேயே இருந்து கண்ணுக்குத் தெரியாமல் வளரும். ரிம் தேர்வது என்பது எது உடையாது என்று தேர்வதல்ல, எது எப்படி உடைய வேண்டும் என்று தேர்வது என்று அப்போதுதான் எனக்குத் தெளிவாயிற்று.

மேட்டுப்பாளையத்தில் எனக்குச் சக்கரம் கட்டித் தருகிறவர், நம் 28 அங்குல சைக்கிள்களுக்குப் பெண்டு எடுத்தே கை பழகியவர். கம்பிகளை இரண்டிரண்டாகச் சேர்த்து அமுக்கிப் பார்ப்பார், விரலால் தட்டிச் சத்தம் கேட்பார், நிப்பிளைக் கால் சுற்றுக்கு மேல் ஒருபோதும் ஒரே மூச்சில் திருப்ப மாட்டார். அவரிடம் வேலை கற்றுக்கொள்ள இப்போது யாரும் இல்லை. சக்கரங்கள் இயந்திரத்தில் கட்டி முடிந்தே வந்துவிடுகின்றன. மகன் காட்டிய கார்பன் ரிம்மின் படத்தை வாங்கி வெகுநேரம் பார்த்தார். 'வளைஞ்சதைப் பெண்டு எடுக்கலாமுங்க. உடைஞ்சதை என்ன பண்றதுங்க' என்றார். அவர் சிக்கலாக எதையும் உத்தேசித்திருக்க மாட்டார். தன் கைக்கு எதில் வேலை உண்டு என்று சொன்னார், அவ்வளவுதான். எனக்கு அது போதுமானதாக இருந்தது. நாம் இருக்கிற ஊரில், நமக்குத் தெரிந்த ஒருவரின் கையால் திருத்த முடிகிற பொருள் என்பதும் ஒரு அளவுகோல்தான்.

இரட்டைச் சுவர் அலுமினியம், 32 துளை, 30 மில்லிமீட்டர் உள்ளகலம் என்று முடிவாயிற்று. வலுவும் மலிவும் கேட்டு, லேசை விட்டுவிட்டேன். புது ரிம்மின் ஆழம் வேறாக இருந்ததால் பழைய கம்பிகள் நீளம் ஒத்துவரவில்லை. அவற்றையும் புதிதாக வாங்கி, ஒரு மத்தியானம் முழுக்க உட்கார்ந்து கட்டிக் கொடுத்தார். மகன் அபிப்பிராயம் மாறவில்லை. சம்பாதிக்கத் தொடங்கியதும் கார்பன் போடுவான். போடட்டும். அதுவரை அவன் அந்த இறக்கத்தில் போகிற வேகத்துக்குக் கீழே, பிளப்பதற்கு முன் வளைகிற ஒன்று இருக்கட்டும் என்று நினைத்தேன். அப்பாவின் பயம் என்கிறான். பயம்தான்.